சூதின் பிடியிலிருந்து மீளுதல்

1866ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ருஷிய நாட்டின் அன்றைய தலைநகராகிய பீட்டர்ஸ்பேர்க்கில், 20 வயதுப் பெண்ணொருத்தி சுருக்கெழுத்துக் குறிப்பேட்டுடன் ஓர் எழுத்தாளரின் வீட்டுப் படியேறினாள். அவள் பெயர் அன்னா. எழுத்தாளர், உலகம் இன்றுவரை போற்றும் பியோதர் தொஸ்தோயெவ்ஸ்கி. பதிப்பாளர் ஒருவரோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நவம்பர் முதலாந் திகதிக்குள் ஒரு புதிய நாவலைக் கொடுத்தாக வேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுதுவன யாவற்றையும் அப்பதிப்பாளர் ஊதியம் எதுவுங் கொடாமலே அச்சிட்டுக்கொள்ளலாம். அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதினாள். 26 நாட்களில் நூல் முடிந்தது. நூலின் பெயர் 'சூதாடி'.

சுழல்வட்டின் முன்னே நிற்பவனின் நெஞ்சம் எவ்வாறு துடிக்கும், இழந்தவன் தன்னைத்தான் எவ்வாறு ஏமாற்றிக்கொள்வான் என்பனவற்றையெல்லாம் அந்நூலிலே அவர் உள்ளபடி வரைந்துள்ளார். அவர் கேட்டறிந்த செய்தியன்று அது, தாமே பட்டறிந்தது. அவ்வாறாயின் சூதின் இயல்பை அவரினும் நன்கறிந்தவர் யாவர்? எனினும் நிகழ்ந்தது யாது? மறு ஆண்டு பெப்ரவரியில் அவர் அன்னாவை மணந்துகொண்டார். அவ்வாண்டுக் கோடையில் இருவரும் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரிலே தங்கியிருந்தபோது, கையிலிருந்த பணமெல்லாம் ஆட்டத்திலே கரைந்தது. மணமோதிரம் அடகுக் கடைக்குப் போயிற்று. மனைவிக்குத் தாம் பரிசாக அளித்த காதணியும் மார்பணியும் அதன் பின்னே சென்றன. அவளுடைய ஆடைகளுந் தப்பவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் அழுதார், காலில் வீழ்ந்தார், இனி இல்லை என்றார். மறுநாள் மீண்டும் போனார்.

சூதாட்டத்தின் தீமையை எடுத்துரைத்துவிட்டால் ஆடுபவன் திருந்திவிடுவான் என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை ஒருமுறை சிந்தித்தல் நன்று. தீமையை அறியாமல் ஆடுவோர் சிலரே. அறிந்தும் விடமுடியாதிருப்பவர் பலர். அவருக்கு வேண்டுவது அறிவுரையன்று; துணை. அத்துணை எத்தகையது, அதனை ஓர் இளைஞன் எவ்வாறு தேடிக்கொள்ளலாம் என்பதே இங்கே ஆராயப்படும் பொருள்.

திருக்குறளிலே சூது 94ஆம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது கள்ளுண்ணாமை; பின் நிற்பது மருந்து. அதிகார வைப்புமுறை பற்றி அறிஞரிடையே பல கருத்துக்கள் உண்டு. அவை ஒருபுறம் இருக்க, கள்ளோடு சூதையும் அடுத்தடுத்து வைத்தெண்ணிய பழந்தமிழ் மனத்தை வியவாதிருக்க இயலாது. மேனாட்டு மருத்துவம் அவ்விடத்துக்கு வந்துசேர நெடுங்காலஞ் சென்றது. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1980ஆம் ஆண்டிலேதான் கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை முதன்முதலாக நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. சேர்த்தபோதும், காரணமின்றித் திருடுதல், தீவைத்தல் முதலிய உந்துதற் குறைபாடுகளின் வரிசையிலே அதனை வைத்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேதான் அது மதுவுக்கும் அபினுக்கும் அடிமையாதலோடு ஒரே அதிகாரத்தில் இடம்பெற்றது. அப்பதிப்பு ஒன்பது அடையாளங்களைக் கூறுகின்றது. அவற்றுள் நான்கேனும் ஓராண்டுக்குள் ஒருவரிடம் காணப்படுமாயின் அவர் இந்நோய்க்கு உட்பட்டவர் எனக் கொள்ளப்படும். வரவரப் பெருந்தொகை வைத்தாலன்றி மனம் நிறைவுறாமை, நிறுத்த முயன்றால் எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுதல், இழந்ததை மீட்கவென மறுநாளே திரும்பிச் செல்லல், ஆடியதை மறைக்கப் பொய் கூறல், கடனை அடைக்கப் பிறர் கையை எதிர்பார்த்தல் என்பன அவற்றுட் சில.

இனி, இந்நோய் பற்றுமாறு எங்ஙனம் என்பதைச் சிறிது காண்போம். முதலிற் கணக்கு. ஐரோப்பியச் சுழல்வட்டிலே 37 குழிகள் உள்ளன. ஒருவன் ஒவ்வோர் எண்ணின்மீதும் ஒவ்வொரு ரூபாவாக 37 ரூபா வைத்தானாயின், குண்டு எக்குழியில் வீழ்ந்தாலும் அவனுக்குத் திரும்பி வருவது 36 ரூபாவே. எஞ்சிய ஒரு ரூபா ஆட்டம் நடத்துவோனுக்கு. 37இல் ஒன்றுதானே, சிறு தொகை என்று தோன்றும். ஆனால் ஆடுபவன் ஒரே பணத்தைத் திரும்பத் திரும்ப வைக்கின்றான். ஆயிரம் ரூபாவுடன் வந்து, நூறு நூறாக 400 முறை வைத்தானென்றால் மொத்தம் வைத்த தொகை 40,000 ரூபா. அதில் 37இல் ஒரு பங்கு ஆயிரத்துக்கு மேற்பட்டது. சராசரிக் கணக்கின்படி அவன் கொண்டுவந்த முதல் முழுவதும் போயிற்று. இடையிடையே அவன் வென்றிருப்பான்; சில நாட்களில் மலர்ந்த முகத்தோடு வீடு திரும்பியும் இருப்பான். நீண்ட கணக்கு மாறுவதில்லை.

1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி, மொன்ரி கார்லோ ஆட்டமண்டபத்திலே ஒரு வட்டில் கறுப்பு நிறம் தொடர்ந்து 26 முறை வந்தது. பத்து முறை, பதினைந்து முறை கறுப்பு வந்ததும், இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று கூட்டம் முண்டியடித்துச் சிவப்பின்மீது பணத்தைக் கொட்டியது. கொட்டிய அனைத்தும் போயிற்று. வட்டுக்கு நினைவில்லை. முன்னர் வந்த நிறம் எதுவென்று அது அறியாது. ஒவ்வொரு சுழற்சியும் புதிதே. ஆயினும் மனித மனம் அதனை ஏற்க மறுக்கின்றது; 'இவ்வளவு நேரம் தோற்றேன், இனி வெற்றி என் முறை' என்று தனக்குத்தானே நீதி சொல்லிக்கொள்கின்றது.

அடுத்தது பழக்கத்தின் விந்தை. அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர், புறாக்களைப் பெட்டியில் வைத்து ஆராய்ந்தார். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் விழுமாறு செய்தால், தானியம் நின்றதும் புறா சிறிது நேரத்திற் கொத்துவதை நிறுத்திவிடும். ஆனால் எத்தனை கொத்துக்கு ஒருமுறை விழும் என்று முன்கூட்டி அறியமுடியாதபடி, சிலவேளை மூன்றாவதற்கும் சிலவேளை முப்பதாவதற்கும் விழுமாறு செய்தால், தானியம் நின்ற பின்னரும் புறா நெடுநேரம் ஓயாது கொத்திக்கொண்டே இருக்கும். காசு போட்டு ஆடும் பொறியும் இதே முறையில் அமைந்தது என்று ஸ்கின்னரே எடுத்துக்காட்டினார். பிற்கால ஆய்வுகள் மூளைக்குள்ளேயே புகுந்து பார்த்தன. டோபமின் என்னும் இரசாயனப் பொருள், பரிசு கிடைத்த வேளையிலும் பார்க்கப் பரிசு வருமோ வராதோ என்ற ஐயத்தின் வேளையிலே பெரிதும் தொழிற்படுவதைக் கண்டன. மயிரிழையில் வெற்றி தப்பியபோது, தோல்வியேயாயினும், மூளை அதனை வெற்றிக்கு அண்மையதாகக் கருதி மேலும் ஆடத் தூண்டுகின்றது என்பதை 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் காட்டினர். நடுக்குவாத நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளுட் சில, டோபமினைப் போலத் தொழிற்படுபவை. வாழ்நாளில் ஒருபோதும் சூதாடியறியாத முதியோர் சிலர் அம்மருந்தை உட்கொள்ளத் தொடங்கியபின் சூதுக்கு அடிமையாயினர். மருந்தைக் குறைத்ததும் பலர் மீண்டனர். ஒழுக்கக்கேடு ஒன்றே இதற்குக் காரணம் என்று சாதிப்போர் இதற்கு என்ன விடை கூறுவரோ!

இளைஞர் இதில் எளிதில் அகப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆசையை எழுப்பும் மூளைப்பகுதி விரைவில் முதிர்கின்றது. அதனை அடக்கியாளும் முன்மூளை 25 வயதளவிலேதான் நிறைவடைகின்றது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் பின்னப்படுகின்றது. முன்னாளிலே இதற்கு ஒரு தடையாவது இருந்தது. பந்தயக் கடைக்கு நடந்து போகவேண்டும். தெருவிலே தெரிந்தவர் காண்பர். கடை மூடும் நேரமொன்று உண்டு. இன்றோ கைத்தொலைபேசியே கடையாகிவிட்டது. நள்ளிரவில், போர்வைக்குள்ளே, உலகின் எந்த மூலையில் நடக்கும் துடுப்பாட்டத்தின்மீதும், அடுத்த பந்திலே என்ன நிகழும் என்பதன்மீதும்கூடப் பணம் வைக்கலாம். அது மூடப்படுவதேயில்லை.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி, ஒரு கந்தோரிலே பணிபுரியும் 22 வயது இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். உடனுறையும் நண்பனொருவன் விளையாட்டாகக் காட்டிக்கொடுக்க, முதல் வாரத்திலேயே அரைமாதச் சம்பளத்தை வென்றுவிடுகின்றான். இந்த முதல் வெற்றியே பெருங்கேடு. அமெரிக்காவில் சூதாட்ட அடிமைகளுக்கென 1972இல் ஒகாயோ மாநிலத்து முன்னாட் படைவீரர் வைத்தியசாலையொன்றிலே முதன்முதலாகத் தங்கு சிகிச்சைப் பிரிவு தொடங்கிய வைத்தியர் ரொபேர்ட் கஸ்டர், நோயின் போக்கை மூன்று கட்டமாக வகுத்தார்: வெல்லுங் கட்டம், இழக்குங் கட்டம், எதற்குந் துணியுங் கட்டம். பெரும்பாலானோர் கதை ஒரு பெருவெற்றியிலே தொடங்குவதை அவர் கண்டார். அந்த வெற்றியின் நினைவு பின்வரும் நூறு தோல்விகளிலும் அழிவதில்லை.

நமது இளைஞன் இரண்டாங் கட்டத்துக்கு வருகின்றான். வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைகின்றது. 'இம்மாதம் கந்தோரில் பிடித்துவிட்டார்கள்' என்று தாயிடம் சொல்கின்றான். நண்பரிடம் ஆயிரமும் ஐயாயிரமுமாகக் கைமாற்று வாங்குகின்றான். ஒருவரிடம் வாங்கி மற்றவருக்குக் கொடுக்கின்றான். தங்கையின் கல்யாணத்துக்கெனப் பிடித்த சீட்டுப் பணம் கைக்கு வருகின்றது. இரண்டு நாள்களுக்கு மட்டும் என்று அதிலே தொடுகின்றான். அவன் கயவனல்லன் என்பதை இங்கே அழுத்திக் கூறவேண்டும். அன்றிரவு அவன் மனத்திலிருப்பது களிப்பன்று. எப்படியாவது அந்தப் பணத்தைப் பழைய இடத்திலே வைத்துவிடவேண்டும் என்ற தவிப்பே. தவிப்பைத் தீர்க்க அவன் அறிந்த வழி ஒன்றே. அதுதான் அவனை இக்கதிக்கு ஆளாக்கிய வழி.

மூன்றாங் கட்டத்தை விரித்துரைத்தல் வேண்டாம். கந்தோர்ப் பணத்திலே கைவைத்தல், கடன்காரருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுதல், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுதல் ஆகியன அக்கட்டத்துக்குரியவை. சூதாட்டத்துக்கு அடிமையானோரிடையே தற்கொலை எண்ணம் ஏனையோரிலும் மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் ஒருமுகமாகக் கூறுகின்றன. ஆதலின் வீட்டிலுள்ளோர் இதுபற்றி நேரே வினாவத் தயங்கலாகாது. 'சாகவேண்டும்போல் இருக்கின்றதா?' என்று கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே உண்டாகும். ஆம் என்ற விடை வருமாயின் அவனைத் தனியே விடாது அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

உதவி கேட்பதற்கு முன்னே நிற்கும் பெருஞ்சுவர் வெட்கம். குடிகாரனைக் காற்று மணத்தால் ஊர் அறியும். சூதாடியிடம் மணமில்லை, தள்ளாட்டமில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகின்றான், கோயிலுக்கும் போகின்றான். ஆகவே மறைப்பது எளிது. மறைத்த ஒவ்வொரு நாளும் வெளியிடுவதை மேலும் கடினமாக்குகின்றது. முதன்முதலில் யாரிடம் சொல்வது? மிகவும் அன்புடையவரிடமே சொல்லவேண்டும் என்பதில்லை. கேட்டவுடன் அலறாமலும், ஊருக்குப் பரப்பாமலும், பணத்தைத் தூக்கிக் கொடாமலும் இருக்கக்கூடிய ஒருவரே தக்கவர். அவர் தாய்மாமனாகலாம், மூத்த அக்காவாகலாம், படிப்பித்த ஆசிரியராகலாம். சொல்லும்போது ஒரு வழுக்கல் நேர்வதுண்டு. முழுக்கடனையும் சொல்ல நாவெழாது, பாதியை மாத்திரம் சொல்லிவிடுவர். மறைத்த பாதி பின்னர் நெருக்கும். அதனைத் தீர்க்க மீண்டும் ஆட்டத்துக்கே ஓட நேரும். ஒரு தாளிலே யார் யாருக்கு எவ்வளவு என்று ஒன்றுவிடாது எழுதிக் கையிற் கொடுத்துவிடல், வாயாற் சொல்வதிலும் எளிது.

இவ்விடத்திலே, அமெரிக்காவில் தோன்றி உலகிற் பரந்த ஓர் இயக்கத்தின் வரலாறு நினைக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சூதாட்டத்தால் அல்லலுற்ற இருவர் தற்செயலாகச் சந்தித்தனர். தத்தம் கதையைப் பேசிக்கொண்டனர். அடிக்கடி சந்திக்கலாயினர். மாதங்கள் கழிந்தன, இருவரும் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. தனித்தனியே எத்தனையோ முறை முயன்று தோற்றவர்கள் இருவராகியபோது நிற்க முடிந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே அவர்களின் முதற் கூட்டம் கூடியது. 13ஆந் திகதி வெள்ளிக்கிழமை மேனாட்டாருக்குத் துரதிட்ட நாள். அதிட்டத்தை நம்பிக் கெட்டவர்கள் அந்நாளிலே கூடியது ஒரு வேடிக்கையே. பெயர் வெளியிடாச் சூதாடிகள் என்று பொருள்படும் 'கேம்ப்ளர்ஸ் அனொனிமஸ்' என்னும் அக்கூட்டுறவு, 1935இல் மதுவடிமைகள் தமக்கென அமைத்த இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டது. 1964இல் அது லண்டனுக்கும் வந்தது. கட்டணமில்லை, குலமுறை கேட்பதில்லை, சூதாட்டத்தை விடவேண்டும் என்ற விருப்பமொன்றே தகுதி. புதிதாக வருபவர்முன் 20 வினாக்கள் வைக்கப்படும். சூதாட்டத்தால் வேலை நேரம் இழந்ததுண்டா, ஆட்டத்துக்கெனக் கடன் வாங்கியதுண்டா, கையிருந்த கடைசிக் காசுவரை ஆடியதுண்டா என்பன போன்ற வினாக்கள். ஏழுக்கேனும் ஆம் என்பவர் பெரும்பாலும் அடிமைப்பட்டவரே என்பது அவர்களின் அனுபவம்.

கூட்டத்திலே நடப்பதில் மந்திரமோ மாயமோ இல்லை. ஒருவர் எழுந்து தம் முதற்பெயரை மாத்திரம் சொல்லித் தாம் சூதாடி என்கின்றார், தம் கதையைச் சொல்கின்றார், மற்றவர் கேட்கின்றனர். இடைமறிப்பதில்லை, தீர்ப்புக் கூறுவதில்லை. தன்னைப்போல் ஒரு பாவி உலகிலே இல்லை என்று நம்பி வந்த இளைஞன், தன் கதையே வேறொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்கின்றான். கணக்காளர் சொல்கின்றார், பேருந்துச் சாரதி சொல்கின்றார், பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டி ஒருத்தியும் சொல்கின்றாள். அப்போதுதான் வெட்கத்தின் சுவரிலே முதற்கல் பெயர்கின்றது. வாழ்நாள் முழுதும் ஆடமாட்டேன் என்று அவர்கள் சத்தியஞ் செய்விப்பதில்லை. இன்று ஒருநாள் ஆடாதிருத்தல். நாளைய பாட்டை நாளை பார்த்தல். நமது வீடுகளிலே கோயில் வாசலில் சூடங்கொளுத்திச் சத்தியம் வாங்குவது வழக்கம். அது நல்லெண்ணத்தால் விளைவதே. ஆயினும் சத்தியம் ஒருமுறை உடைந்துவிட்டால், 'இனி எனக்கு மீட்சியில்லை' என்ற எண்ணம் வலுப்பெற்று, ஒருநாள் வழுக்கல் ஒருமாத வீழ்ச்சியாக முடிகின்றது. வழுக்கி விழுந்தவன் அதனை மறுநாட் காலையிலேயே வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடம் ஒன்றிருத்தல், நூறு சத்தியத்திலும் பயனுடையது.

இனிக் கடன். பெற்றோரின் முதல் எண்ணம், காணியை ஈடுவைத்தாயினும் கடனை முழுவதும் ஒரேயடியாக அடைத்துப் பிள்ளையின் மானத்தைக் காத்துவிடவேண்டும் என்பது. இதைவிட இரக்கமான எண்ணம் வேறில்லை. இதைவிடப் பிழையானதும் அரிது. பளு திடீரென நீங்கியவன், தான் பெருந்தொகை ஒன்றை வென்றுவிட்டதாகவே உள்ளூர உணர்கின்றான். சில மாதங்களில் பழைய இடத்துக்கே திரும்புகின்றான். அனுபவமுடையோர் கூறும் வழி வேறு. கடன்காரர் ஒவ்வொருவரோடும் பேசி, மாதந்தோறும் சிறுதொகை என்று ஒழுங்குசெய்து, அவனுடைய உழைப்பிலிருந்தே அது செல்லவேண்டும். சில ஆண்டுகள் ஆகலாம், ஆகட்டும். அதேவேளை பணம் அவன் கையில் நில்லாதிருக்கவும் வேண்டும். சம்பளம் அக்காவின் அல்லது தாயின் கணக்குக்குப் போதல், வங்கி அட்டை அவர்களிடம் இருத்தல், பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அளந்த காசு நாள்தோறும் கிடைத்தல் என்பன சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். மீண்டவர்களைக் கேட்டால், முதற் சில மாதங்களில் தம்மைக் காத்தது இதுவே என்பர். பணமில்லாதபோது எழும் ஆவல், தீனியில்லாத நெருப்புப்போலச் சிறிது நேரத்தில் தணிந்துவிடுகின்றது.

வைத்திய உதவியின் தன்மையும் அறியத்தக்கது. மருந்து கொடுத்து மாற்றும் நோய் என்றோ, அடைத்துவைத்து மாற்றும் நோய் என்றோ அஞ்சவேண்டியதில்லை. சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் உரையாடல்முறைச் சிகிச்சையே இதற்குத் தலையாயது. பிரித்தானியாவில் 2025இல் வெளியிடப்பட்ட தேசிய மருத்துவ நெறிமுறை அதனைக் குழுவாக நடத்துவதை முதலிற் பரிந்துரைக்கின்றது. 'இனி என் முறை' என்னும் போலிக் கணக்கை நோயாளியே கண்டுபிடிக்குமாறு வைத்தியர் வினாவுகின்றார். ஆவல் எந்நேரத்தில் எழுகின்றது, சம்பள நாளிலா, சண்டையிட்ட இரவிலா, தனிமையிலா என்று குறித்துவைக்கச் செய்கின்றார். அவ்வேளைகளை நிரப்ப வேறொன்று வேண்டும். ஆட்டம் நீங்கிய மாலைப்பொழுது மிகவும் நீண்டது. சிகிச்சையாற் குணம் காணாதவருக்கு நல்ரெக்ஸோன் என்னும் மருந்தும் சிலவிடத்துக் கொடுக்கப்படுகின்றது. மனச்சோர்வோ குடிப்பழக்கமோ உடன் இருந்தால் அதற்கும் சேர்த்தே பரிகாரஞ் செய்தல் வேண்டும்.

தனிமனிதன் முயற்சியோடு அரசின் வேலியும் வேண்டும் என்பதைப் பிரித்தானியா அண்மையிலே உணர்ந்துள்ளது. நம்மவர் பெருந்தொகையினராக வாழும் நாடாதலின் அச்செய்தி இங்கும் பலருக்குப் பயன்படும். லண்டனில் 2008இல் அரச சுகாதார சேவையின் முதலாவது சூதாட்ட நோய்ச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. 2019இல் 13 முதல் 25 வயதுவரையுள்ளோர்க்கெனத் தனிச்சேவை தொடங்கிற்று. 2018 முதல், ஒருவர் தம் பெயரை ஒருமுறை பதிந்துகொண்டால், உரிமம்பெற்ற இணையச் சூதாட்ட நிறுவனம் எதுவும் ஆறுமாதமோ, ஓராண்டோ, ஐந்தாண்டோ அவரை உள்ளே விடலாகாது என்னும் ஏற்பாடு நடைபெறுகின்றது. 2020 ஏப்பிரல் முதல் கடனட்டையால் சூதாடுதல் தடுக்கப்பட்டது. 2025 மே மாதத்திலிருந்து 18 முதல் 24 வயதினர் இணையப் பொறியாட்டத்தில் ஒரு சுழற்சிக்கு இரண்டு பவுணுக்கு மேல் வைக்கலாகாது. மற்றையோர்க்கு எல்லை ஐந்து பவுண். இளம் வயதுக்குத் தனிக் காவல் தேவை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

இலங்கையிலே இங்கிலாந்துக் குதிரைகளின்மீது பணம் கட்டும் பந்தயக் கடைகளும், தெருத்தோறும் அதிட்டலாபச் சீட்டும் நெடுங்காலமாக நிலவுகின்றன; அவற்றை விடுவிக்கும் வழிகள்பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். எனினும் உதவி அறவே இல்லையென்று சோர்தல் தகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களிலுள்ள போதனா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. அங்கே சிகிச்சை இலவசம். 'எனக்குச் சூதாட்டத்தை நிறுத்த முடியவில்லை' என்ற ஒரு வசனத்தைச் சொன்னாற் போதும். நேரே செல்லக் கூசுவோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். துயருற்றோர் பேச்சைச் செவிமடுத்தற்கென 1974இல் தொடங்கப்பட்ட சுமித்திரயோ என்னும் தொண்டர் நிறுவனமும் உண்டு. அங்கே பேசுவோரின் செய்தி வெளியே போவதில்லை. வெள்ளவத்தை அறையிலே விழித்துக் கிடக்கும் இளைஞனுக்கு, தொலைபேசியிலே இன்னுமொரு பந்தயத்தை அழுத்துவதற்கு எடுக்கும் நேரமே அந்த இலக்கத்தை அழுத்துவதற்கும் வேண்டும்.

தொஸ்தோயெவ்ஸ்கியின் கதை எவ்வாறு முடிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 1871ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர் வீஸ்பாடன் நகருக்குச் சென்று, கொண்டுபோன பணத்தை இழந்தார். திரும்பிவர மனைவி அனுப்பிய பணத்தையும் இழந்தார். அன்றிரவு அன்னாவுக்கு எழுதிய கடிதத்திலே, இதுவே கடைசி என்றார். அதற்குமுன் எத்தனையோ முறை எழுதிய சொல்தான். இம்முறை அது நிலைத்தது. 1881இல் இறக்கும்வரை அவர் பின்னர் ஆடவில்லை. மனவுறுதி என்று போற்றுவோர் போற்றுக. அவ்வுறுதிக்குத் துணைநின்ற வேறிரண்டையும் மறத்தல் ஆகாது. ஒன்று, 1872இன் இறுதியில் ஜெர்மனியிலிருந்த ஆட்டமண்டபங்கள் சட்டத்தால் மூடப்பட்டன. பிற்காலத்தில் நுரையீரல் நோய்க்காக அவர் எம்ஸ் நகரின் ஊற்றுநீரை நாடிப் பலமுறை சென்றபோது அங்கே சுழல்வட்டு இருக்கவில்லை. மற்றொன்று, குடும்பத்தின் வரவுசெலவு முழுவதும் அன்னாவின் கைக்கு வந்தது. அண்ணனின் பத்திரிகையால் ஏற்பட்ட பழங்கடனுக்கு வந்து நின்றவர்களோடு கணவனைப் பேசவிடாமல் தானே பேசித் தவணை குறித்தாள். 1873 முதல் அவருடைய நூல்களைத் தானே அச்சிட்டு, வீட்டிலிருந்தே விற்றாள். கடன்கள் தீர ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது.